பம்பரில் விழுந்த மெல்லிய கோடு: தேய்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறோம். நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே நம் காரின் பம்பரில் ஒரு புதுக் கோடு. யாருடைய பைக் உரசியதோ, யாருடைய பையின் ஜிப் பட்டதோ தெரியாது. கோடு பெரிதில்லை, ஆனால் கண் அதிலேயே போய் நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். அந்த அவசரம்தான் ஆபத்து.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். என் மச்சான் தவணையில் வாங்கிய ஒரு காரை வாடகைக்கு ஓட்டுகிறார். அடர்நீல வண்டி. வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த வண்டியை நம்பித்தான். ஒருநாள் பின்பம்பரின் ஓரத்தில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன், அத்தா தூங்கி எழுவதற்குள் சரிசெய்து வைப்போம் என்று நினைத்து, பாத்திரம் துலக்கும் பச்சை நாரில் டூத் பேஸ்ட்டைத் தடவி அழுத்தித் தேய்த்திருக்கிறான். கோடு போகவில்லை. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்புப் போய் மங்கிவிட்டது. பம்பர் மடியும் முனையில் நிறமே தேய்ந்து அடியில் இருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. அரை மணி நேரக் கைவேலையில் முடிந்திருக்க வேண்டியது, பம்பரைக் கழற்றிப் பெயிண்ட் அடிக்கும் வேலையாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் செலவு, இரண்டு நாள் வாடகை ஓட்டமும் இல்லை.

பையன் மேல் குற்றமில்லை. நல்ல எண்ணத்தில் செய்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அன்று மாலை அவனை உட்காரவைத்துச் சொன்ன பாடத்தையே இங்கே எழுதுகிறேன்.

பளபளப்பு எங்கே இருக்கிறது?

இன்றைய கார்களில் பம்பர், கதவுக் கண்ணாடியின் மேல்மூடி, பின்னால் இருக்கும் ஸ்பாய்லர், பல வண்டிகளில் கதவுக் கைப்பிடி ஆகியவை பிளாஸ்டிக். பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் ரப்பர் தன்மையுள்ள பொருள் கலந்து செய்யப்படுகிறது. இலேசாக இடித்தால் உள்ளே போய்த் திரும்பி வரும் தன்மை அதனால்தான் வருகிறது. கண்ணாடி மூடி போன்ற சிறு பாகங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கடினமான பிளாஸ்டிக்.

இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் பொதுவாக மூன்று அடுக்குகள் இருக்கும். முதலில் பிரைமர். பாலிபுரொப்பிலீனில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. அதைப் பிடித்துவைக்கும் அடிப்பூச்சு இது. அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத, கண்ணாடி போன்ற கிளியர் கோட். நம் ஊர்ப் பெயிண்டர்கள் பலர் இதை லேக்கர் என்பார்கள். நாம் ‘பளபளப்பு’ என்று சொல்வது இந்தக் கடைசி அடுக்கைத்தான். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுவே.

இந்த அடுக்கு எவ்வளவு தடிமன் தெரியுமா? சுமார் 35 முதல் 50 மைக்ரான் வரை. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான். அதாவது, காரின் மொத்தப் பளபளப்பும் ஒரு தாளில் பாதி தடிமன்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கோட்டை ‘எடுப்பது’ என்று சொல்கிறோம். கோடு என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியாது. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் ஓரங்களைச் சமப்படுத்துகிறோம். அப்போது ஒளி சிதறாமல் ஒரே சீராகத் திரும்பும், கண்ணுக்குக் கோடு தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தப் பாதித் தாளிலிருந்து கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது. கையிருப்புப் பணத்தைப் போல எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

இரும்புக் கதவுக்குச் செய்வதைப் பம்பருக்குச் செய்யலாமா?

முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மூன்று வித்தியாசங்களை மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது, சூடு. தேய்த்தால் சூடு உண்டாகும். இரும்புத் தகடு அந்தச் சூட்டை உடனே நான்கு பக்கமும் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பரப்பாது, இரும்போடு ஒப்பிட்டால் பாலிபுரொப்பிலீன் சூட்டைக் கடத்துவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சூடு தேய்க்கும் இடத்திலேயே தேங்கும். பெயிண்ட் இளகும், மங்கும், சில நேரம் சுருங்கிக் கிழியும். சுழலும் பாலிஷ் மெஷினைப் பழக்கமில்லாதவர் பம்பரில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். துளைபோடும் டிரில் மெஷினில் பஞ்சைப் பொருத்தித் தேய்ப்பதும் கூடாது. வீட்டில் செய்பவருக்குக் கையே போதும், கையே பாதுகாப்பு.

இரண்டாவது, வளைவு. பம்பரில் சமதளம் குறைவு; மடிப்பும் முனையும் அதிகம். முனைகளில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். விரலின் அழுத்தமும் அங்கேதான் குவியும். மச்சான் மகன் தேய்த்ததில் முதலில் நிறம் போனது முனையில்தான்.

மூன்றாவது, அளவுகோல். பெயிண்ட் தடிமனைக் காட்டும் கருவியைச் சில கடைகளில் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் கருவிகள் உலோகத்தின் மேல் மட்டுமே அளக்கும்; பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் முறையில் அளக்கும் தனிக் கருவி வேண்டும். ஆக, பம்பரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. தெரியாதபோது குறைவாகத் தேய்ப்பதே அறிவு.

கோடு எவ்வளவு ஆழம்? நான்கு சோதனைகள்

தேய்க்கும் துணியைத் தொடுவதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த இடத்தை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே செய்ய வேண்டும்.

1. தடவிப் பாருங்கள். விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் மேடாகத் தெரிகிறதா, பள்ளமாகவா? மேடாக இருந்தால் அது கோடே இல்லை. மோதிய வண்டியின் பெயிண்ட்டோ, சுவரின் சுண்ணாம்போ, ரப்பரோ நம் பெயிண்ட் மேல் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதை எடுத்துவிட்டால் அடியில் நம் பெயிண்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பயந்துபோய் வருகிறவர்கள் பலருக்கு இந்த நல்ல செய்திதான் கிடைக்கிறது.

2. தண்ணீர் தடவுங்கள். கோட்டின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், அது கிளியர் கோட்டில் மட்டும் இருக்கிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பியதால் ஒளி சிதறவில்லை. இது கையால் சரிசெய்யக் கூடியது.

3. நகத்தை ஓட்டுங்கள். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை அழுத்தாமல் ஓட்டுங்கள். வழுக்கிப் போனால் நல்லது. இலேசாகத் தட்டினால் குறைக்கலாம், முழுவதும் போகாது. நன்றாகச் சிக்கி நின்றால் பாலிஷ் வேலைக்கு அது அடங்காது.

4. நிறத்தைப் பாருங்கள். கோட்டுக்குள் பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கோ, பிரைமரின் சாம்பலோ தெரிந்தால் நிறமே போய்விட்டது என்று பொருள். இங்கே ஒரு எச்சரிக்கை: அடர்நிற வண்டியில் மெல்லிய கோடும் வெள்ளையாகத்தான் தெரியும். அது பிரைமர் அல்ல, ஒளி சிதறுவது. வெள்ளை வண்டியில் நேர்மாறாக, கோட்டுக்குள் அழுக்குப் புகுந்து கறுப்பாகத் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் இரண்டாவது, மூன்றாவது சோதனைகளையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

சிலந்தி வலை போல நுண் வெடிப்புகள் தெரிந்தால், பம்பர் இடிபட்டு வளைந்தபோது பெயிண்ட் உடைந்திருக்கிறது. அதைப் பாலிஷ் செய்ய முடியாது. பெயிண்ட் அடிக்காத, சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களும் இந்தப் பாடத்தில் சேராது. பாலிஷ் அதன் நுண் பள்ளங்களில் புகுந்து வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும், எடுப்பது பெரும்பாடு. பளபளப்பில்லாத ‘மேட்’ பெயிண்ட்டையும் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து அசிங்கமாகிவிடும்.

என்னென்ன வேண்டும்?

கார் ஷாம்பு, இரண்டு வாளி, மூன்று நான்கு சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணிகள், கையில் பிடிக்கும் பஞ்சுத் தட்டு இரண்டு, மாஸ்கிங் டேப், மெல்லிய பாலிஷ் ஒரு புட்டி, அதைவிடச் சற்றுக் கரகரப்பான ரப்பிங் காம்பவுண்ட் ஒரு சிறு டப்பா, கடைசியில் பூச வாக்ஸ். இவை உதிரிப்பாகக் கடையிலும் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும். வாங்கும்போது ‘கிளியர் கோட்டுக்கு ஏற்றது’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை வாங்கினால் பல தடவைக்கு வரும். அண்டை வீட்டார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

பாலிஷுக்கும் காம்பவுண்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் உண்டு. காம்பவுண்டில் துகள் பெரிது, சீக்கிரம் வெட்டும், ஆனால் தன் பங்குக்கு மங்கலை விட்டுச்செல்லும். பாலிஷில் துகள் மிக நுண்ணியது. மெதுவாக வெட்டும், பளபளப்பைத் திருப்பித் தரும். வாக்ஸ் எதையும் வெட்டாது. மேலே ஒரு காப்பாகப் படியும்.

செய்முறை

முதல் படி: இடமும் நேரமும். நிழலில் நிறுத்துங்கள். பம்பரைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் உடனே தொடங்காதீர்கள். மருந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஃபஜ்ருக்குப் பிறகு வெயில் ஏறுவதற்குள் செய்வது நம் ஊருக்கு நல்ல நேரம்.

இரண்டாம் படி: கழுவுதல். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்குங்கள். ஒரு வாளியில் ஷாம்பு நீர், இன்னொன்றில் வெறும் நீர். துணியை ஷாம்பு நீரில் நனைத்துத் துடைத்து, அழுக்கை வெறும் நீரில் அலசிவிட்டு மீண்டும் ஷாம்பு நீருக்குப் போங்கள். தூசியிலுள்ள மணல் பெயிண்ட்டைவிடப் பல மடங்கு கடினமானது. ஒரே ஒரு மணல் துகள் துணியில் இருந்தாலும், ஒரு கோட்டை எடுக்கப் போய்ப் பத்துக் கோடு போட்டுவிடுவோம். கழுவியதும் ஒற்றித் துடையுங்கள்.

மூன்றாம் படி: எல்லை கட்டுதல். கோட்டின் அருகிலுள்ள முனைகள், மடிப்புகள், கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்கள், எழுத்துச் சின்னங்கள் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இதைப் பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். முனையைக் காப்பது இந்த நாடாதான்.

நான்காம் படி: மென்மையானதில் தொடங்குதல். பஞ்சுத் தட்டில் பட்டாணி அளவு மூன்று பொட்டு மெல்லிய பாலிஷ் வையுங்கள். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். முதலில் ஒற்றிப் பரப்பிவிட்டு, நீளவாக்கில் இருபது முறை, குறுக்கே இருபது முறை தேய்யுங்கள். வட்டமாகச் சுழற்ற வேண்டாம். வட்டக் கோடுகள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அழுத்தம் எவ்வளவு? குழந்தையின் தலைக்கு எண்ணெய் தேய்க்கும் அளவு போதும். விரல் நுனியால் அல்ல, நான்கு விரலையும் தட்டையாக வைத்து அழுத்துங்கள்.

ஐந்தாம் படி: துடைத்துப் பார்த்தல். மருந்து முழுவதும் காய்வதற்கு முன் சுத்தமான துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கோடு போயிருந்தால் வேலை முடிந்தது. குறைந்திருந்தால் இன்னொரு தடவை. தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு தெரிந்தால் ஆறும்வரை காத்திருங்கள்.

ஆறாம் படி: தேவைப்பட்டால் மட்டும் காம்பவுண்ட். பாலிஷ் இரண்டு தடவையிலும் மாற்றமே தெரியாவிட்டால், இன்னொரு பஞ்சுத் தட்டில் காம்பவுண்டை எடுத்து, கோட்டின் மேல் மட்டும், அதே முறையில் ஒரு தடவை செய்யுங்கள். அதன்பின் கட்டாயம் பாலிஷ். காம்பவுண்ட் போட்ட இடம் சற்று மங்கலாகத் தெரிவது இயல்பு. பாலிஷ் அதைத் தெளியவைக்கும். இரண்டுக்கும் ஒரே பஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். பெரிய துகள் பாலிஷில் கலந்துவிடும்.

ஏழாம் படி: உண்மையைப் பார்த்தல். பாலிஷிலுள்ள எண்ணெய் பள்ளத்தில் தங்கிக் கோட்டைத் தற்காலிகமாக மறைக்கும். இரண்டு வாரம் கழித்து, நான்கு தடவை கழுவியதும் கோடு ‘திரும்பி வந்துவிட்டது’ என்பார்கள்; அது போகவே இல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒருமுறை மெதுவாகத் துடைத்தால் எண்ணெய் போய் உண்மை நிலை தெரியும். தீ, சிகரெட் அருகில் வேண்டாம்; பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எட்டாம் படி: காப்பு. டேப்பை எடுத்துவிட்டு மெல்லியதாக வாக்ஸ் பூசி, சற்றுக் காய்ந்ததும் துடைத்துவிடுங்கள்.

மேடாக ஒட்டிய பெயிண்ட் என்றால் இதே பாலிஷை அந்த இடத்தில் மட்டும் வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் உருண்டு வந்துவிடும். நகத்தால் சுரண்டாதீர்கள்.

எங்கே நிறுத்துவது?

இந்தப் பாடத்தில் கடினமான பகுதி இதுதான். தேய்க்கக் கற்றுக்கொள்வது எளிது. நிறுத்தக் கற்றுக்கொள்வதுதான் தொழில். பாதிக்கு மேல் குறைந்ததும் ‘இன்னும் கொஞ்சம், முழுசாகப் போய்விடும்’ என்ற ஆசை வரும். வண்டிகள் கெடுவது அந்த ஆசையில்தான்.

என் கணக்கு இது: பாலிஷ் இரண்டு தடவை, காம்பவுண்ட் ஒரு தடவை, மீண்டும் பாலிஷ் ஒரு தடவை. அதற்கு மேல் இல்லை. எழுந்து நின்று இரண்டு அடி தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லையா? போதும். குனிந்து, டார்ச் அடித்துத் தேடினால்தான் தெரிகிறது என்றால், அதை அப்படியே விடுங்கள். மெலிந்துபோன கிளியர் கோட் இன்று பளபளக்கும். சில வெயில் காலம் கழித்து வெளிறி உரியத் தொடங்கும். ஒரு மெல்லிய கோட்டோடு பல ஆண்டு ஓடும் பம்பர், கோடில்லாமல் உரியும் பம்பரைவிட மேல்.

துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள்; கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். சில பழைய வண்டிகளில் கிளியர் கோட் இல்லாமல் ஒரே அடுக்குப் பெயிண்ட் இருக்கும். அவற்றில் நிறம் ஏறுவது இயல்பு. எது என்று தெரியாவிட்டால் பம்பரின் கீழே, கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் தேய்த்துப் பாருங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த பம்பர் என்றால், எத்தனை நாள் கழித்துப் பாலிஷ், வாக்ஸ் போடலாம் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே முழுதும் இறுகுவதற்கு முன் தேய்க்கக் கூடாது.

கூடவே கூடாதவை

பாத்திரம் துலக்கும் பச்சை நார், கம்பி நார்: பச்சை நாரிலேயே தேய்ப்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அது வேறு, பஞ்சு வேறு.

டூத் பேஸ்ட்: இதிலும் மென்மையான துகள்கள் உண்டு, அதனால் சில நேரம் மிக இலேசான கோடு மங்குவது உண்மைதான். ஆனால் பல்லுக்காகச் செய்யப்பட்டது. எந்தப் பேஸ்ட்டில் எவ்வளவு கரகரப்பு என்பது நமக்குத் தெரியாது.

தின்னர், பெட்ரோல்: தின்னர் பெயிண்ட்டை இளக்கும், அடியிலுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் தாக்கும். பெட்ரோல் தீ விபத்தை வீட்டு வாசலுக்குக் கூப்பிடுவது.

எமரி பேப்பர்: பட்டறையில் 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுபவமுள்ள கை அதைச் செய்யும். நான்கைந்து இழுப்பில் மாற்ற முடியாத தவறு நடக்கும் வேலை அது. கற்க விரும்பும் இளைஞர்கள் பட்டறையில் தூக்கிப்போட்ட உடைந்த பம்பர் ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் பழகுங்கள். எப்போது நிறம் தெரிகிறது என்று வேண்டுமென்றே தேய்த்துப் பாருங்கள். பாதித் தாள் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பதைக் கை அப்போதுதான் உணரும்.

ஆழமாக இருந்தால்? இன்சூரன்ஸில் போடலாமா?

நிறம் போன சிறு கோட்டுக்கு, வண்டியின் கலர் கோடு எண்ணைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்கி, மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் நிரப்பலாம். அருகில் பார்த்தால் தெரியும், தூரத்தில் தெரியாது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆகவே அவசரமே இல்லை. கையில் பணம் சேரும்வரை காத்திருக்கலாம். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும்போது ‘வாக்ஸ், பாலிஷ் போட்டிருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்; சிலிகான் கலந்தவை மிச்சமிருந்தால் புதுப் பெயிண்ட்டில் சிறு சிறு குழிகள் விழும்.

‘இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்த உபயோகக் கார்களுக்கான வழக்கமான பாலிசியில், ‘ஜீரோ டெப்’ சேர்க்காவிட்டால், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்தை மாற்றும்போது அதன் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். அதற்கு மேல் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும் தொகை 1500 சிசி வரையிலான கார்களுக்கு 1000 ரூபாய், அதைத் தாண்டினால் 2000 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடும். முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டு தொடர்ந்தால் சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி அது. தனியாகப் பாதுகாப்பு எடுக்காதவர் ஒரு மெல்லிய கோட்டுக்காக அதை இழப்பது பெரும்பாலும் நஷ்டக் கணக்குத்தான்.

கோடு விழாமல் காப்போம்

மெல்லிய கோடுகளில் பெரும்பகுதி விபத்தில் வருவதில்லை, நாமே போடுகிறோம். காலையில் வண்டியை எடுக்கும் முன் காய்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தூசி தட்டுகிறோமே, அதில்தான் வருகிறது. தூசி படிந்திருந்தால் தண்ணீர் விட்டே துடையுங்கள். தண்ணீர் இல்லையென்றால் அன்று அப்படியே ஓட்டுங்கள். கீழே விழுந்த துணியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். வண்டிமேல் போடும் உறையைத் தூசி படிந்த வண்டியின் மேல் இழுத்துப் போடாதீர்கள். டிக்கியில் சாமான் ஏற்றும்போது பின்பம்பரின் மேல் பெட்டியை வைத்து இழுக்கும் பழக்கத்தை விடுங்கள்; பயணம் போகும் நாளில் ஒரு பழைய போர்வையைப் பம்பர் மேல் போட்டுக்கொண்டால் போதும்.

இரண்டு வார்த்தை இன்னும் உண்டு. அடுத்தவர் வண்டியில் நாம் உரசிவிட்டால், யாரும் பார்க்கவில்லை என்று நகர்ந்துவிட வேண்டாம். உரியவர் வரும்வரை நின்று சொல்லுங்கள். முடியாவிட்டால் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை வைப்பருக்குள் செருகுங்கள். மெல்லிய கோடாக இருந்தால் ‘நானே சரிசெய்து தருகிறேன்’ என்று சொல்லும் கைத்திறன் இப்போது உங்களிடம் இருக்கிறது. அதேபோல, வண்டியை விற்கும்போது பாலிஷ் போட்டுச் சுத்தமாகக் கொடுப்பது நல்லது. ஆனால் இடிபட்ட பம்பரின் வெடிப்பை வாக்ஸில் மறைத்துக் கொடுப்பது வேறு. இருப்பதைச் சொல்லி விற்போம்.

மச்சான் மகனிடம் அந்த உடைந்த பம்பர்த் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அதில் பழகினான். சில வாரம் கழித்து அதே வண்டியின் கண்ணாடி மூடியில் ஒரு கோடு விழுந்தது. இந்த முறை அவனே தண்ணீர் விட்டுப் பார்த்தான், நகத்தை ஓட்டிப் பார்த்தான், டேப் ஒட்டினான். பாலிஷ் இரண்டு தடவையில் முக்கால்வாசி போனது. ‘இன்னும் கொஞ்சம் இருக்குதே அத்தா’ என்றான். ‘இருக்கட்டும், விடு’ என்றார் மச்சான். விட்டுவிட்டான். அன்று மதியம் வண்டி வழக்கம்போல வாடகைக்குக் கிளம்பியது.

படித்ததைச் சோதித்துக்கொள்ளுங்கள்

பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

1. கோட்டின் மேல் தண்ணீர் விட்டால் அது ஏன் மறைகிறது? மறைந்தால் என்ன பொருள்?
2. பம்பரின் முனையில் ஏன் டேப் ஒட்ட வேண்டும்?
3. காம்பவுண்ட் போட்ட பிறகு ஏன் கட்டாயம் பாலிஷ் போட வேண்டும்?
4. இரும்புக் கதவைவிடப் பிளாஸ்டிக் பம்பரில் சூட்டுக்கு ஏன் அதிகம் பயப்பட வேண்டும்?
5. தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறம் ஏறினால் என்ன செய்வீர்கள்?

ஐந்துக்கும் விடை தெரிந்தவர் நாளைக் காலையே பாலிஷ் புட்டியைத் திறக்கலாம். ஒன்றிரண்டில் தடுமாறுகிறவர் அந்தப் பகுதியை இன்னொரு முறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். கோடு எங்கும் ஓடிவிடாது, அது காத்திருக்கும்.